கல்கத்தாவில் வென்ற கிண்ணம்

ஆசியக் கிண்ணத்தை இலங்கை வெல்லுகிற நாளில் நேசமலரின் புருசன் வீட்டுக்கு வருவான் என்பது பூவரசடி ஒழுங்கையின் இரு கரை வீடுகளிலும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, மார்கழியில் வாவி பெருகி வேலிக்கால் வரை ஏறும் என்பதைப் போல, பங்குனியில் அது இறங்கிப் போய்விடும் என்பதைப் போல. ஆனாலும் அவன் படலையைத் திறந்து உள்ளே வருகிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு மட்டும் கைகால் மரத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, யாராவது வந்து தோளைப் பிடித்து உலுக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்கத்தான் முடிந்தது.

அவன் பெயர் குலசிங்கம். ஒரு சோடாக் கம்பனிக்கு லொறி ஓட்டினான், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் சுழல்பந்து போட்டான், சிரித்தால் பல்லுக்கு மேலே முரசு முழுவதும் தெரியும். ஊரில் பாதிப்பேர் இந்தியாவுக்கும் மற்றப் பாதிப்பேர் இலங்கையை அடிக்கிற எவருக்கும் கைதட்டிய அந்தக் காலத்தில் அவன் ஒருவன்தான் இலங்கை வெல்லவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவன்; "டேய், அவங்கள் உன்னை மனுசனாயே மதிக்கிறதில்ல, நீ அவங்களுக்குக் கத்துறாய்" என்று கூட்டாளிகள் ஏசினால், "பந்துக்கு அது தெரியாதுடா" என்பான். தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம், கல்கத்தாவில் இந்தியாவும் இலங்கையும் ஆசியக் கிண்ண இறுதியாட்டம் ஆடிய அன்று ஊரில் கறன்ட் இல்லை, வீட்டு ரேடியோவின் பற்றரியும் இறங்கிப்போயிருந்தது. தூறலுக்குள் சைக்கிளை எடுத்து, நேசமலரின் இடுப்பில் இருந்த ஒரு வயது மகள் சுபோஜினியின் மூக்கைக் கிள்ளிவிட்டு, "டாஸ் போடுறதுக்குள்ள வந்திடுவன்" என்று சொல்லிப் பற்றரி வாங்கப் போனான். சந்தியில் ஒரு வாகனம் நின்றது என்றார்கள். சைக்கிள் வடிகானில் கிடந்தது என்றார்கள். அதற்குமேல் சொல்ல எவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை, அல்லது சொல்ல எவருக்கும் துணிவு இருக்கவில்லை. அன்று இலங்கை தோற்றது. நேசமலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக, கந்தோர் கந்தோராக அலைந்தாள், பிறகு சங்கக்கடையில் அரிசி நிறுக்கும் வேலைக்குப் போனாள்.

தொண்ணூற்றேழில், ஆடி மாதத்து வெக்கையில், கொழும்பில் இலங்கை இந்தியாவை வென்று கிண்ணத்தைத் தூக்கிய பொழுதில், நேசமலர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டு யோகராணி இடுப்பில் கைக்குழந்தையோடு உறைமோர் கேட்டு வந்து நின்றாள், ஏழு வயதுச் சுபோஜினி கதவுச் சீலையைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்தாள். படலை கிரீச்சிட்டது. குலசிங்கம் உள்ளே வந்தான். ஊரே வெந்து கிடந்த அந்த நாளில் அவன் தலைமயிரிலிருந்து மழைத்தண்ணி சொட்டியது. போனபோது போட்டிருந்த அதே சட்டை, அதே முப்பத்தொரு வயது, கையில் நான்கு பற்றரிகள்.

"கடையில ஒரே சனம், சுணங்கிட்டுது" என்றான். "நேசம், ஸ்கோர் என்ன?"

எண்ணெய்ப் போத்தல் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. யோகராணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அவன் ஒன்றையும் கவனியாமல் யோகராணியின் குழந்தையைக் கைநீட்டி வாங்கி, "சுபா, அப்பா வந்திட்டன்டி" என்று அதன் வயிற்றில் முகம் புதைத்தான். பிறகுதான் சீலைக்குப் பின்னால் நின்ற சிறுமியைப் பார்த்தான்.

"இது ஆர்ர புள்ள?"

"எங்கட... அக்காட மகள்" என்றாள் யோகராணி, குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாமல்.

"சரி, சொல்லுங்களன். கல்கத்தாவில வென்றிட்டமா?"

நேசமலரின் வாயில் வந்த ஒரே சொல் அதுதான். "வென்றிட்டம்."

அவன் துள்ளினான், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான், மீன்குழம்பும் சோறும் வயிறு முட்டத் தின்றான், அவளுக்குப் பக்கத்தில் படுத்து எந்தப் பந்துக்கு எந்த விக்கெட் விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டே உறங்கினான். விடிந்து பேப்பர் போடுகிற ஹனீபா நானாவின் சைக்கிள் மணி கேட்டதும், "பேப்பரை எடுத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனான். பேப்பர் படலையடியில் அப்படியே கிடந்தது. அவன் இல்லை. அங்கே யாரையும் தான் காணவில்லை என்று ஹனீபா நானா பிள்ளைகள் மீது ஆணையிட்டுச் சொன்னார்; ஆனால் காய்ந்த மணலில் ஈரக்காலடி இருந்தது, அதை அவரும் பார்த்தார், பார்த்து அப்படியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

ஒரு கிழமை நேசமலர் படலையடியிலேயே குந்தியிருந்தாள். ஒழுங்கைச் சனம் வந்து வந்து பார்த்தது. அவன் எப்படி வந்தான், எங்கிருந்து வந்தான் என்பதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை, அந்த நாட்களில் ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பதையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. எப்போது மறுபடி வருவான், வந்தால் என்ன சமைப்பது, அப்போது வாவியில் கொடுவா மீன் கிடைக்குமா என்பதையே பேசினார்கள். இரண்டாயிரத்தில் இலங்கை இறுதியாட்டத்துக்குப் போனபோது அடுக்களை நிறையச் சமைத்து வைத்தார்கள், இலங்கை பாகிஸ்தானிடம் தோற்றது, அவன் வரவில்லை, குழம்பு முழுவதும் நாய்களுக்குப் போனது. அப்போதுதான் கணக்கு அவர்களுக்குப் பிடிபட்டது.

இரண்டாயிரத்து நான்கில் கிண்ணம் கிடைத்தது, அவனும் வந்தான், அதே மழை, அதே பற்றரி, அதே கேள்வி. இந்த முறை நேசமலர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அவனை வாங்குப் பலகையில் இருத்தி, "இஞ்சேருங்க, நான் ஒண்டு சொல்லப்போறன், பயப்பிடாதீங்க, நீங்க போய்க் கனகாலம், இப்ப ரெண்டாயிரத்தி..." என்று தொடங்கினாள். அவள் பிடித்திருந்த அவன் விரல்கள் குளிர்ந்தன, சோற்றுப்பானையின் ஆவி போல ஓரங்கள் கலைந்தன, கைக்கு ஊடாக வாங்கின் பலகை தெரிந்தது. அவள் அலறிக்கொண்டு பேச்சை நிறுத்தினாள். "இல்ல, இல்ல, ஒண்டுமில்ல, கல்கத்தாவில வென்றிட்டம்" என்றாள். கை மறுபடி கையானது.

அன்றிலிருந்து பூவரசடி ஒழுங்கை அவனுக்காகப் பொய் சொல்லப் பழகியது. கடைசி விக்கெட் விழுந்ததும் டிவிகளை வேட்டியால் மூடினார்கள், கலண்டர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள், கைத்தொலைபேசிகளை அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள், குப்பி விளக்கைக் கொளுத்தினார்கள், யோகராணி ஓடிவந்து நேசமலரின் தலைக்குக் கறுப்பு மை பூசினாள், இந்திய நீலச்சட்டை போட்டிருந்த பெடியன்கள் அதைக் கழற்றி ஒளித்துவிட்டு வெற்றுடம்போடு நின்றார்கள், அந்தந்த நேரத்தில் ஒரு வயதுக் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டார் அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கள் வாழ்நாளில் இலங்கைக்குக் கைதட்டியிராத மனிதர்கள் இப்போது டிவிக்கு முன்னால் கும்பிட்டபடி இருந்தார்கள், எதற்காகக் கும்பிடுகிறோம் என்பதை நினைத்துத் தங்களுக்குள்ளேயே திடுக்கிட்டும் போனார்கள். ஒழுங்கைப் பிள்ளைகள் பொது அறிவுப் பரீட்சையில், தொண்ணூற்றோராம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை வென்ற நாடு இலங்கை என்று எழுதிப் பிழை வாங்கினார்கள். ஏன் இந்த ஒரு ஒழுங்கைப் பிள்ளைகள் மட்டும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இப்படி எழுதுகிறார்கள் என்று ஆசிரியர்களுக்கு விளங்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில், யுத்தம் உச்சத்தில் நின்றபோது, கராச்சியில் கிண்ணத்தை வென்றார்கள், அவன் சோதனைச்சாவடிகளைத் தாண்டி நனைந்துகொண்டு வந்தான். இரண்டாயிரத்துப் பதினான்கில் டாக்காவில் வென்றார்கள், வந்தான். அதற்குள் செய்தி மற்ற ஊர்களுக்கும் போயிருந்தது. காணாமல் போனவர்களின் படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வந்து அவனிடம் கேட்க அவர்களுக்கு அனுமதி இல்லை, கேட்டால் அவன் கரைந்துவிடுவான். யோகராணியின் தம்பி ஜெயமும் அதே தை மாதத்தில் போனவன்தான். ஒவ்வொரு முறையும் அவள் தலைக்கு மை பூசினாளே தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, கையிலிருந்த மையைக் கழுவும்போது சொன்னாள்: "உனக்கெண்டாலும் அவர் வாறார் கா." நேசமலர் செம்பால் தண்ணி ஊற்றினாள். அவளுக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சுபோஜினியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஏழு வயதில் பக்கத்து வீட்டாரின் அக்கா மகளாக இருந்தாள், பதினான்கில் தண்ணி அள்ள வந்த பிள்ளையாக, பதினெட்டில் தையல் பழக வந்தவளாக, இருபத்துநான்கில் வாடகைக்கு இருக்கும் டீச்சராக இருந்தாள். தகப்பன் யார் யாரோ பெற்ற குழந்தைகளைத் தூக்கிச் சுபா சுபா என்று கொஞ்சுவதை அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள், அவனுக்குச் சோறு பரிமாறினாள், "டீச்சர், நல்ல கைப்பக்குவம்" என்று அவன் சொன்னபோது தலையாட்டினாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, கறன்ட் வந்து வந்து போனது, இலங்கை வெல்லும் என்று ஒரு குருவியும் நினைக்கவில்லை. டுபாயில் பாகிஸ்தானை வென்றார்கள். ஒழுங்கை திகைத்துப்போய் ஓடியது, வேட்டி எங்கே, மை எங்கே, விளக்கு எங்கே, குழந்தை எங்கே? அந்த நேரத்தில் ஒழுங்கையில் ஒரு வயதில் இருந்தது ஒரே ஒரு குழந்தைதான். சுபோஜினியின் மகள்.

"தா புள்ள" என்றாள் நேசமலர், ஐம்பத்தேழு வயது முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டே. சுபோஜினி கொடுத்தாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, படலையைத் திறந்து வருகிற தகப்பனைவிட ஒரு வயது கூட.

குலசிங்கம் வந்தான், பற்றரியை மேசையில் வைத்தான், சுபோஜினியை இந்த முறையும் வாடகைக்கு இருக்கும் டீச்சர் என்றே அறிந்துகொண்டான், ஸ்கோர் கேட்டான், வென்றிட்டம் என்று கேட்டு முரசு தெரியச் சிரித்தான், பேத்தியைத் தூக்கி, "சுபா, என்ர சுபா, அப்பா வந்திட்டன்டி" என்று அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்தான். குழந்தை கிளுக்கென்று சிரித்தது. அடுக்களை வாசலில் ஒரு கோப்பை விழுந்தது.

"டீச்சர், ஏன் அழுறீங்க?"

"நான் டீச்சர் இல்ல."

"சுபா, வாயை மூடு" என்றாள் நேசமலர்.

"நான்தான் அப்பா சுபா. அது என்ர மகள். நீங்க பற்றரி வாங்கப் போய் முப்பத்தொரு வருசம். அண்டைக்குக் கல்கத்தாவில நாங்க வெல்லல்ல அப்பா, தோத்தது. அம்மாட தலையைக் கழுவிப் பாருங்க. உங்களை ஆரோ கொண்டு போனவங்க. ஆர் அப்பா? எங்க வச்சிருக்கிறாங்க உங்களை?"

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் தன் தாயின் மூக்கையும் தன் முரசையும் கண்டான். பிறகு நேசமலரைப் பார்த்தான், பவுடருக்குக் கீழே இருந்த சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். குழந்தையை மெல்லத் தரையில் இருத்தினான், ஏனென்றால் அவன் கைகளுக்கு ஊடாக ஏற்கெனவே வாசல் தெரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நான்..." என்றான். "இவ்வளவு காலமும் நான் எங்க கிடந்தனான்?"

பேப்பர் மணிக்குக்கூடக் காத்திராமல், நடு வீட்டில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கரைந்து போனான். அவன் நின்ற இடத்தில் ஈரம்கூட இருக்கவில்லை. நேசமலர் அந்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள், பிறகு எழும்பி வந்து மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "கொண்டிட்டாய்" என்றாள். "மிச்சமாய் வந்த மனுசனையும் நீ கொண்டிட்டாய்."

அதன்பிறகு தாயும் மகளும் ஒரே கூரையின் கீழே, ஒரே பானையில் தின்று, ஒரு சொல் பேசவில்லை. சிலர் சுபோஜினியைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யோகராணி மட்டும் ஒருநாள் வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடமே இறுதியாட்டம் கொழும்பில், இந்தியாவோடு. வருவானா மாட்டானா என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் வென்றால்தானே தெரியும் என்று ஒழுங்கை முழுவதும் நேசமலரின் வளவில் பந்தல் போட்டது. வெளியூர்ப் பெண்கள் விடியவே பஸ் ஏறி வந்தார்கள், இந்தமுறை யாரும் அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தவில்லை, படங்களை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தார்கள். கொழும்பில் மழை தூறி ஆட்டம் பிந்தித் தொடங்கியது. நேசமலர் மீன்குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தாள்.

நடந்ததை அந்த வளவில் இருந்தவர்கள் இன்றைக்கும் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு விக்கெட் விழுந்தது, பரவாயில்லை என்றார்கள். பிறகு ஒரே ஓவரில் நான்கு விழுந்தன. டிவி பழுதாகிப் பழைய காட்சியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது என்று நினைத்து ஹனீபா நானா எழும்பிப்போய் வயரை ஆட்டினார். வந்தவன் போனான், வந்தவன் போனான், ஐம்பது ஓட்டங்களுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். இந்தியா இறங்கி, தேத்தண்ணி ஆறுவதற்குள் அடித்து முடித்தது. வெயில் இன்னும் பூவரச மரங்களில் இருந்தது. பார்த்தது நடந்ததுதானா என்று ஆளையாள் பார்க்கக்கூடப் பயந்து எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுக்களையில் குழம்பு அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியது.

படலை கிரீச்சிட்டது.

ஒரு கிழவர் உள்ளே வந்தார். நரைத்த தலை, காய்ந்த சட்டை, வெறும் கை. இடது காலை இழுத்து நடந்தார். முதலில் ஒருவருக்கும் ஆள் மட்டுப்படவில்லை. அவர் பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, மை பூசாத நேசமலரின் முன்னால் வந்து நின்று, "உனக்கும் நரைச்சிட்டுது நேசம்" என்று சொல்லிச் சிரித்தபோது, பல் விழுந்த இடத்தில் முரசு தெரிந்தது.

நேசமலர் கல்லாக இருந்தாள். யோகராணி வந்து தோளை உலுக்கினாள்.

"தோத்திட்டம்" என்றாள் நேசமலர்.

"தெரியும். தோத்த நாளிலதானே நான் போனனான்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். அது குளிரவில்லை, கரையவில்லை, காய்த்துப்போன கிழட்டுக் கையாகக் கிடந்தது. அப்போதுதான் அவள் தலையைத் திருப்பி, ஒரு வருடத்துக்குப் பிறகு, மகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"சுபா. அப்பாக்குச் சோறு போடு மனே."

சுபோஜினி போட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு தின்றார், அவள் சுண்டுவிரலில் இருந்த பழைய தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார், பள்ளிக்கூடத்தில் என்ன படித்தாய் என்று கேட்டார், கட்டினவன் நல்லவனா என்று கேட்டார், அவள் ஒவ்வொன்றுக்கும் விக்கி விக்கிப் பதில் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பாயில் இருந்த பெண்களிடம் போய், அவர்கள் கேட்காமலே, ஒவ்வொரு படமாகக் கையில் வாங்கினார். "இவரைக் காணல்ல" என்றார். "இவரையும் காணல்ல, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க." மூன்றாவது படத்தில் அவர் விரல் நின்றது. "இவன் எனக்கு முதலே வந்திட்டான். தண்ணி தண்ணி எண்டு கேட்டவன்." அந்தத் தாய் ஓசையில்லாமல் சரிந்தாள், பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யோகராணி நீட்டிய படத்தை அவர் கனநேரம் வைத்திருந்தார்.

"ஜெயம்" என்றார். "அவன் எனக்கு அடியில கிடக்கிறான்."

"அண்ணன், அவன் எங்க?" யோகராணி முப்பத்திரண்டு வருடங்களாகக் கேட்காததைக் கேட்டாள். "எங்க?"

"ஆத்தங்கரையில பாழடைஞ்ச அரிசி மில் இருக்கே, அதுக்குப் பின்னால. மூடின கிணறு. மேல எருக்கலை முளைச்சிருக்கு." அவர் நேசமலர் பக்கம் திரும்பினார். "வந்து எடுங்க. அங்க ஈரம், நேசம். எப்பவும் ஈரம்."

அவர் எழும்பினார். படியில் இறங்குகிற எவரும் போய்விட்டு வாறேன் என்றுதான் சொல்வார்கள், எந்தச் சாவீட்டிலும் எந்தச் சண்டையிலும் அந்த ஊரில் அப்படித்தான். அவர் பேத்தியின் தலையில் கைவைத்து, மகளின் தலையில் கைவைத்து, "போறன்" என்று மட்டும் சொன்னார். நேசமலர் அவரோடு படலை வரை நடந்தாள். பகல் வெளிச்சத்தில், வேலிக்கு மேலால் அவர் நரைத்த தலை ஒழுங்கை முடியும்வரை தெரிந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விடிந்ததும் பெண்கள் மண்வெட்டிகளோடு மில்லுக்கு நடந்தார்கள், நேசமலர் முன்னால். யார் சொன்னது என்று பொலிஸ் கேட்டபோது, "என்ர மனுசன்" என்றாள். நீதிமன்றம் போய், அனுமதி வாங்கி, கிணற்றைத் திறந்து தண்ணி இறைக்க மாதங்கள் ஆயின. எருக்கலைக்குக் கீழே அவர்கள் இருந்தார்கள், அவர் சொன்ன ஒழுங்கில் இருந்தார்கள். தோண்டப் பழகிய ஆட்களே கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கொழும்பிலிருந்து வந்த டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, தமிழ் தெரிந்தவர், மரியாதையாகக் கேட்டார். "அம்மா, சாகேக்க அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்திமூண்டு" என்றாள் நேசமலர்.

டொக்டர் பேனையை நிறுத்தினார். "அம்மா, இது இளம் ஆளின்ர எலும்பு. முப்பத்தொண்டு, முப்பத்திரண்டுக்கு மேல போகாது."

"ஓம். அது கிணத்துக்குள்ள கிடந்த வயசு. மிச்சம் எங்களிட்ட வந்து போனது. நீங்க அறுபத்திமூண்டு எண்டு எழுதுங்க."

டொக்டர் உதவிக்கு மகளின் பக்கம் பார்த்தார். சுபோஜினி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எழுதுங்க டொக்டர்" என்றாள். "நான்தான் சோறு போட்டனான்."